மாமா எழுதிய மியூச்சுவல்

அப்பா எப்போது வருவார் என்று யாராவது கேட்டால் எங்கள் தெருப் பிள்ளைகள் யாரும் மணி சொல்லமாட்டோம், ஷிப்ட்தான் சொல்வோம். ஏ ஷிப்ட் என்றால் விடிவதற்குள் போய் மதியம் திரும்புவது. பி ஷிப்ட் என்றால் மதியம் போய் ஊர் அடங்கியபின் திரும்புவது. சி ஷிப்ட் என்றால் ராத்திரி போய்க் காலையில் கண் சிவந்து வருவது. ஓசூரில் கம்பெனிகளை ஒட்டிக் குடியிருந்த எந்தக் குழந்தையும் அனா ஆவன்னாவுக்கு முன்னால் இந்த மூன்று எழுத்தையும் கற்றிருக்கும். மற்ற வீடுகளில் இந்த எழுத்து வாரத்துக்கு வாரம் மாறும். எங்கள் வீட்டில் மட்டும் மாறாது. எங்கள் அப்பாவுக்கு எப்போதும் பி ஷிப்ட்தான்.

அம்மாவுக்கு வேறு கம்பெனி. மின்சாரப் பெட்டிகளுக்கு ஒயர் பொருத்தும் வேலை. அங்கே பெண்களுக்குப் பகல் வேலை மட்டும். காலையில் நானும் அம்மாவும் கிளம்பும்போது அப்பா தலையோடு கால் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அப்பா போயிருப்பார், அம்மா வந்திருக்கமாட்டாள். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட சாவியால் நானே திறந்து, நானே உள்ளே போய், நானே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டும். அப்பா சாப்பிட்ட தட்டு கழுவிக் கவிழ்த்தபடி இருக்கும். மழை மாதங்களில் ஓசூர்க் குளிருக்குத் தட்டின் ஈரம் சாயங்காலம் வரை காயாது. அதைத் தொட்டுப் பார்த்தால் அப்பா இப்போதுதான் எழுந்து போனார் போல இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமையாவது இருப்பாரா என்றால், கெலமங்கலத்தில் பெரியப்பா வீட்டு நிலத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று காலையிலேயே ஸ்கூட்டரை எடுத்துவிடுவார். அந்த நிலத்தை ஒவ்வொரு வாரமும் பார்க்காவிட்டால் ஓடியா போய்விடும் என்று கேட்கிற வயசு எனக்கு அப்போது இல்லை. நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு அம்மாவின் கம்பெனி பஸ் வரும் வரைக்குமான அந்த நேரம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பயம் என்று சொல்லமுடியாது. வீடு வெறிச்சென்று இருக்கும், அவ்வளவுதான். டிவியைப் போட்டால் பெங்களூர் ஸ்டேஷனில் யாராவது கன்னடத்தில் உரம் போடுவது எப்படி என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதையும் உட்கார்ந்து கேட்பேன். மனிதக்குரலாயிற்றே.

அந்த வருஷம் அப்பாவின் கம்பெனியில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துவிட்டுப் புதிது வாங்கினார்கள். பழையதை வேண்டும் என்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா ஒன்றை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்து ஹாலில் இறக்கினார். எழுத்தெல்லாம் பச்சையாகத் தெரியும், கனமான பெட்டி. எங்கள் தெருவிலேயே கம்ப்யூட்டர் இருந்தது எங்கள் வீட்டில்தான் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.  அம்மா மறுநாள் தன் பழைய புடவை ஒன்றைக் கிழித்து உறை மாதிரி அதன்மேல் போர்த்திவிட்டாள். அதற்குப்பிறகு அதைத் தொடவே இல்லை. ஷாக் அடிக்கும் என்று பயப்படுகிறாள் போல என்று நான் நினைத்துக்கொண்டேன். நாள் முழுக்க ஒயரோடு மாரடிக்கிறவளுக்கு ஷாக்கிடம் என்ன பயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதே சமயத்தில்தான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. சிங்காரப்பேட்டையில் டிகிரி முடித்துவிட்டு, கம்ப்யூட்டர் படிப்பும் படித்துவிட்டு, ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்திருந்தார். எங்கள் ஹாலில்தான் பாய் விரித்துப் படுப்பார். வேலைக்காக வந்தார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அக்காவும் மச்சானும் எப்படி இருக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்துவிட்டு வா என்று அவரை ஊரிலிருந்து அனுப்பியிருந்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மாமா சென்டரிலிருந்து கொண்டுவந்த ஃபிளாப்பியில் ஒரு ஆட்டம் இருந்தது. ஒரு ஆள் பூமிக்குள் சுரங்கம் சுரங்கமாக இறங்கிப்போவான். மண்ணைத் தோண்டுவான், கல் உருண்டு வந்தால் ஒதுங்குவான், சாவி கிடைத்தால் கதவைத் திறந்து அடுத்த சுரங்கத்துக்குப் போவான். நாங்கள் அதைச் சுரங்கம் என்றே சொன்னோம். அதைச் செய்தவர்கள் திருத்தித் திருத்தித் திரும்பத் திரும்ப வெளியிட்டிருந்தார்கள் போல. சென்டரில் பழசு மூன்று வெர்ஷன் கிடந்தது. மூன்றையும் மாமா கொண்டுவந்தார்.

முதலாவதில் அந்த ஆள் தனியாகப் போவான். இரண்டாவதில் அவனோடு ஒரு நாய் வரும். நாய் என்றால் பச்சையாக நாலு புள்ளி, ஒரு வால். ஆனால் அவன் எங்கே போனாலும் பின்னாலேயே வரும், குழி இருந்தால் நின்றுவிடும். மூன்றாவதில் நாயை எடுத்துவிட்டு இரண்டு ஆட்களை வைத்திருந்தார்கள். கீபோர்டின் இடதுபக்கத்தில் ஒருவர், வலதுபக்கத்தில் ஒருவர் என்று இரண்டு பேர் சேர்ந்து ஆட வேண்டும்.

இதில் ஒரு கஷ்டம் இருந்தது. மூன்று வெர்ஷனுக்கும் ஒரே பெயர். கம்ப்யூட்டருக்குள் மூன்றும் ஒரே இடத்தில்தான் போய் உட்காரும். ஒன்றை ஏற்றினால் முன்னால் இருந்தது அழிந்துவிடும். பாதியில் நிறுத்திவைத்த ஆட்டமும் அதோடு போய்விடும். நான் நாயைக் கூட்டிக்கொண்டு ஆழத்தில் எங்கேயோ போய்ச் சேர்ந்திருந்த ஆட்டம் ஒருநாள் அப்படிப் போயிற்று. அன்றைக்கு நான் சாப்பிடாமல் அழுத அழுகையைப் பார்த்து மாமா பயந்துவிட்டார். நிஜ நாய் செத்திருந்தால்கூட நீ இவ்வளவு அழுதிருக்கமாட்டாய் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள்.

அதற்காக மாமா ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். அதன் பெயரைத் தட்டினால் ஒன்றா, இரண்டா, மூன்றா என்று கேட்கும். எண்ணை அழுத்தினால் இப்போது இருக்கும் ஆட்டத்தை, நாம் நிறுத்திய இடத்தோடு பத்திரமாக மூட்டை கட்டி அதனுடைய ஃபிளாப்பிக்குள் வைத்துவிடும். பிறகு நாம் கேட்டதன் ஃபிளாப்பியைப் போடச்சொல்லும். போட்டால் அது கரகரவென்று முனகிவிட்டு வந்து உட்காரும், சென்ற வாரம் எங்கே விட்டோமோ அங்கேயே.

“ஒரு சமயத்துல ஒண்ணுதான் வெளிய நிக்கும் பாப்பா. மத்ததெல்லாம் உள்ள தூங்கும். கூப்ட்டா உட்ட எடத்துலேர்ந்தே எழுந்து வரும்” என்றார் மாமா.

அந்தப் புரோகிராமுக்கு அவர் வைத்த பெயர் மியூச்சுவல். எங்கள் தெருவில் காலையும் மாலையும் காதில் விழுகிற வார்த்தை அது. ஒருவருக்கு வந்த ஷிப்ட் அவருக்குத் தோதுப்படவில்லை என்றால், வேறு ஷிப்ட்டில் இருக்கிற ஒருவரைப் பிடித்து, நீ என்னுடையதற்குப் போ, நான் உன்னுடையதற்குப் போகிறேன் என்று மாற்றிக்கொள்வார்கள். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு சூப்பர்வைசர் காதில் ஒரு வார்த்தை போட்டால் போதும். அதற்குத்தான் மியூச்சுவல் என்று பெயர். கல்யாணம், காது குத்து, ஆஸ்பத்திரி என்று எது வந்தாலும் மியூச்சுவல் போட்டுவிட்டேன் என்பார்கள். எங்கள் எதிர்வீட்டு அங்கிள் வாசலிலிருந்தே அப்பாவைக் கூப்பிட்டு மியூச்சுவல் பேசுவதை மாமாவும் வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப்பிறகு என் சாயங்காலங்கள் கொஞ்சம் தேவலை. தாழ்ப்பாளைப் போட்டதும் அம்மாவின் புடவை உறையை விலக்குவேன். மனசு சரியில்லாத நாளில் இரண்டாம் எண்ணை அழுத்தி நாயைக் கூப்பிட்டுக்கொள்வேன். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிய நாளில் ஒன்றாம் எண். அந்த ஆளைப்போல யார் துணையும் வேண்டாம் என்று அன்றைக்கு இருக்கும். மூன்றாவதைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

மூன்றாவதில் கதவுக்கு முன்னால் ஒரு கல் பலகை இருக்கும். ஒருவன் அதை மிதித்துக்கொண்டு நின்றால்தான் கதவு திறந்து மற்றவன் உள்ளே போகமுடியும். போனவன் அந்தப் பக்கத்தில் இருக்கும் பலகையை மிதித்தால்தான் இவன் வரமுடியும். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல வெளியே வந்தால்தான் சுரங்கம் முடியும். நான் இரண்டு கையாலும் இரண்டு ஆளையும் நகர்த்திப் பார்த்தேன். முதல் சுரங்கம் அப்படி முடிந்துவிட்டது. இரண்டாவது சுரங்கத்தில் மேலேயிருந்து கல் உருளும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எதிரெதிர்ப் பக்கம் ஓடவேண்டும். ஒருவனைக் காப்பாற்றினால் இன்னொருவன் நசுங்குவான். அதைத் தாண்டவே முடியவில்லை.

மாமாவைக் கூப்பிட்டேன். “காலைலேர்ந்து சென்டர்ல கம்ப்யூட்டரையேதான் பாப்பா மொறச்சுப் பாத்துட்டு வர்றேன், ஆள உடு” என்று பாயில் சாய்ந்துவிட்டார். அம்மாவைக் கூப்பிட்டால், “எனக்கு அதெல்லாம் வராது கண்ணு” என்று அடுப்படிக்குப் போய்விடுவாள். அப்பாவைக் கேட்க அப்பா கிடைத்தால்தானே.

ஒருநாள் அந்தக் கல்லிடம் தோற்று உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. இடதுபக்கம் அப்பா உட்காரட்டும், வலதுபக்கம் அம்மா. நான் நடுவில் நின்றுகொண்டு சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு பெரியவர்களுக்கு ஒரு கல்லைத் தாண்டத் தெரியாதா? தோன்றியதும் அதுவே வேண்டும் என்று ஆகிவிட்டது. அது ஆட்டத்துக்காகத்தான் என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் படுத்தபிறகு நான் கற்பனை செய்துகொண்டது கல்லையும் கதவையும் இல்லை. விளக்குப் போட்ட நேரத்தில் அப்பாவும் அம்மாவும் ஒரே ஹாலில் இருப்பதைத்தான்.

வழி ரொம்பச் சுலபமாகத் தெரிந்தது. அப்பா பி ஷிப்ட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறார். யாரோ ஒருவர் மியூச்சுவல் போட்டால் அவர் ஏ ஷிப்ட்டுக்கு வந்துவிடுவார். பாவம், அப்பாவுக்குக் கேட்கக் கூச்சமாக இருக்கும். நான் கேட்கிறேன்.

எதிர்வீட்டு அங்கிள் அப்பாவோடு ஒரே லைனில் வேலை செய்கிறவர். பாகலூர்ப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று மூன்றையும் ஒரே மூச்சில் கலந்து பேசுவார். ஊரில் தக்காளித் தோட்டம் இருந்தது. அந்த வாரம் அவருக்கு ஏ ஷிப்ட். நான் போனபோது வாசலில் சைக்கிள் கேரியரில் காலிக் கூடைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“அங்கிள், நாளைக்கு எங்கப்பாவுக்கு ஏ ஷிப்ட் குடுத்துட்டு நீங்க பி போறீங்களா? மியூச்சுவல்” என்றேன்.

அவர் கயிறை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “அப்பா கேட்டாராம்மா?”

நான் தலையாட்டினேனா இல்லையா என்று எனக்கு நினைவில்லை. அவரே பேசிக்கொண்டு போனார். “யாரு பி ஷிப்ட் வந்துட்டு அழுதாலும் கேட்டு வாங்கிக்குவாரு பாப்பா உங்கப்பா. எனக்கு வந்த பி ஷிப்ட்டெல்லாம் அவர்தான் பாத்திருக்காரு. பி ஷிப்ட்டுனா மனுஷன் ஒரு வேலைக்கும் ஆவமாட்டான், சாயங்காலமே இருக்காது. அத யாராச்சும் கேட்டு வாங்குவாங்களா? இப்ப ஏ கேக்கறாருன்னா...” முடிக்காமல் கூடைகளை அவிழ்த்துக் கீழே வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. “ஆய்த்து, மாத்திக்கலாம். நாளைக்கு ஏத்த வேண்டிய தக்காளி நாளன்னிக்குப் போவட்டும். ஆய்த்து பாப்பா.”

தக்காளியை விட்டுக்கொடுக்கிற அளவுக்கு அதில் என்ன சந்தோஷம் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா மற்றவர்களுடைய பி ஷிப்ட்டையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார் என்று அவர் சொன்னதுகூட எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. யாருக்கும் வேண்டாததை எங்கள் அப்பா செய்கிறார் என்று. அவர் அப்போதே சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பெனி கேட்டுக்குப் போய் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டார்.

அன்று வேலை முடிகிற நேரத்தில் அப்பாவிடம் நாளை உனக்கு ஏ என்று சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னது என்று கேட்டதற்கு, உன் மகள்தான் போய்ச் சொன்னாளாம் என்றிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல அப்பாவால் முடியவில்லை. ஏ ஷிப்ட் கிடைத்து வேண்டாம் என்கிறவன் அந்தக் கம்பெனியிலேயே கிடையாது. ஏன் என்று கேட்பார்கள். சாயங்காலத்தில் வீட்டில் இருக்க எனக்கு விருப்பமில்லை என்று லைனில் நின்ற அத்தனை பேர் முன்னால் சொல்லவேண்டியிருக்கும். இதெல்லாம் மாமா சொல்லிப் பின்னால் தெரிந்துகொண்டது.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீடு திறந்திருந்தது. வாசலில் அப்பாவின் கம்பெனி ஷூ. கழுத்தில் சாவி சும்மா தொங்கிக்கொண்டிருக்க நான் உள்ளே ஓடினேன். அப்பா சேரில் உட்கார்ந்திருந்தார், டிவிகூடப் போடாமல். யார் வீட்டுக்கோ வந்தவர் போல முட்டிமேல் கைவைத்து உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “டீ குடிக்கிறியா சாமி?” என்றார். அவரே போட்டார். சர்க்கரை டப்பா எது என்று என்னைக் கேட்டார்.

அம்மா வந்தபோது வாசலில் அந்த ஷூவைப் பார்த்துவிட்டு, ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக அப்படியே நின்றாள். நான் தாவிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அப்பா இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம், கல்லு வரும், ஓடணும், அவ்வளவுதான் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மா டிபன் பாக்ஸ் பையைக்கூட இறக்கவில்லை. எனக்குப் பின்னால் அப்பாவைப் பார்த்தாள். அப்பா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரே ஒரு தடவ” என்றேன்.  அம்மா பையை இறக்கிவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

மியூச்சுவல் என்று தட்டி, மூன்றை அழுத்தி, நான் ஃபிளாப்பியைப் போட்டேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு சேரில். நான் நடுவில். அப்பாவுக்குக் கம்பெனியில் மிஷின் பட்டன்களோடு பழக்கம், சட்டென்று பிடித்துக்கொண்டார். அம்மா ஒரு விரலால்தான் அழுத்தினாள். இரண்டு மூன்று தடவை இரண்டு ஆளும் நசுங்கினார்கள். பிறகு அப்பா என்னிடம் சொன்னார்: “அம்மாவ அந்தப் பலகை மேலயே நிக்கச் சொல்லு சாமி.”

“அம்மா, பலகை மேலயே நில்லு.”

“அப்பாவ சீக்கிரமா போவச் சொல்லு, மேல கல்லு ஆடுது.”

“அப்பா, சீக்கிரம்! கல்லு ஆடுது!”

இரண்டு முழம்கூட இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் ஒவ்வொன்றையும் என்னிடம் சொல்லி, நான் மற்றவருக்குச் சொன்னேன். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இந்த ஆட்டத்துக்கு நான்தான் சூப்பர்வைசர் என்று நினைத்துக்கொண்டேன். என்னை விட்டுவிட்டு அவர்கள் இருவராக விளையாடிவிடக்கூடாது என்று எவ்வளவு அன்பாக என்னை நடுவில் வைத்துக்கொள்கிறார்கள் என்றும் நினைத்தேன். மாமா அன்று சீக்கிரம் வந்திருந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிக் கதவு. அம்மாவின் ஆள் அந்தப் பக்கம் போய்விட்டான். பலகைக்கு இன்னும் நாலு எட்டு நடக்க வேண்டும். அப்பா தன் ஆளைக் கதவை நோக்கி விட்டார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மாவே, “இருங்க, இருங்க, இன்னும் தெறக்கல!” என்றாள்.

அப்பா கையை எடுத்துவிட்டார். அவருடைய ஆள் கதவுக்கு முன்னால் நின்றான். கல் மேலே ஆடிக்கொண்டிருந்தது. அம்மாவின் ஆள் நடந்து போய்ப் பலகையை மிதித்தான். கதவு திறந்தது. அப்பா உள்ளே வந்தார். இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். பெட்டிக்குள்ளிருந்து கீச்சுக்குரலில் ஒரு மெட்டு வந்தது. இத்தனை மாதத்தில் நான் கேட்டிராத மெட்டு. நான் கைதட்டிக்கொண்டு குதித்தேன். திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் மாமா இல்லை, தெருவுக்குப் போய்விட்டிருந்தார்.

அதற்குமேல் ஆடவில்லை. அம்மா குக்கர் வைக்க எழுந்தாள். அப்பா ரொம்ப நேரம் குளித்தார். சாப்பாட்டை அப்பா ஹாலில் சாப்பிட்டார், அம்மா அடுப்படியில் சாப்பிட்டாள். நான் அங்கே ஒரு வாய், இங்கே ஒரு வாய் என்று ஓடி ஓடி வாங்கிக்கொண்டேன். வீடு அமைதியாக இருந்தது. நான் தனியாக இருக்கும்போது இருக்கிற அமைதி மாதிரியேதான் அது இருந்தது. ஆனால் இரண்டு பேரும் இருக்கிறார்களே என்பதால் எனக்கு அது வேறு மாதிரி கேட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் தூங்கியதில்லை.

மறுநாள் அப்பா பழையபடி பி ஷிப்ட்டுக்குப் போய்விட்டார். எதிர்வீட்டு அங்கிள் தக்காளியை ஏற்றிக்கொண்டு போகும்போது எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். நான் மறுபடி மியூச்சுவல் கேட்கப் போனபோது, “அப்பாவே வந்து கேக்கட்டும் பாப்பா” என்று தலையைத் தடவி அனுப்பிவிட்டார்.

முழுப்பரீட்சை முடிந்ததும் நாங்கள் அம்மாவின் ஊரான சிங்காரப்பேட்டைக்குக் கிளம்பினோம். லீவுக்குப் போகிறோம் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். லீவுக்குப் போக எதற்கு டெம்போ என்று நான் கேட்கவில்லை. டெம்போவில் ஏறிப்போவது எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவின் தையல் மிஷின், பீரோ, என் புத்தகங்கள் எல்லாம் ஏறின. மாமாவும் சென்டர் வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்தார். ஊத்தங்கரையில் வேறு வேலை கிடைத்திருந்தது. மதியம் தாண்டிய நேரம். அப்பா வீட்டில் இல்லை, ஷிப்ட்டுக்குப் போயிருந்தார்.

கம்ப்யூட்டரையும் ஏற்றலாம் என்றேன். “அது அப்பாவோடது கண்ணு, இருக்கட்டும்” என்றாள் அம்மா. புடவை உறையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டாள். மாமா தன் ஃபிளாப்பிகளையெல்லாம் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மியூச்சுவலும் அதில்தான் இருந்தது. அவை போய்விட்டால் கம்ப்யூட்டருக்குள் அப்போது எந்த ஆட்டம் இருக்கிறதோ அதுதான் கடைசிவரை இருக்கும், மாற்ற முடியாது. அப்பாவுக்கு ஒன்றை வைத்துவிட்டுப் போகலாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். டெம்போக்காரர் ஹாரன் அடித்தார். மாமா கட்டிய ஃபிளாப்பிகளை அவிழ்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“ரெண்டாவது வெக்கலாமா பாப்பா? நாய் இருக்குமில்ல, அப்பாக்கு நல்லாருக்கும்.”

“வேணாம். மூணு.”

“மூணு அவருக்கு...” என்று தொடங்கிவிட்டு மாமா என் முகத்தைப் பார்த்தார்.

“மூணுதான் மாமா. அன்னிக்கு நல்லா ஆடுனாருல்ல.”

மாமா மியூச்சுவல் என்று தட்டினார். மூன்றை அழுத்தினார். பெட்டி கரகரவென்று முனகி, நாயை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, இரண்டு ஆட்களையும் கொண்டுவந்து நிறுத்தியது. மாமா ஸ்விட்சை அணைத்துவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். நான் தூக்கிவைத்துக்கொள்கிற வயசைத் தாண்டியிருந்தேன். அவர் ஏன் தூக்கினார் என்று தெரியாமல் கால்கள் தொங்க அவர் தோளில் கிடந்தேன். அப்பா ராத்திரி வந்து அதைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று ராயக்கோட்டை தாண்டும் வரை யோசித்துக்கொண்டே போனேன். அது ஒருவர் மட்டும் ஆடமுடியாத ஆட்டம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இனி அந்த வீட்டில் அப்பா ஒருவர்தான் என்பதுதான் தெரியவில்லை.